பிரிக்ஃபீல்ட்ஸ் விடுதியில் ஒரு தனி அறை

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாணவர் விடுதியைப் பார்க்கப் போனேன். புதிதாகத் திறந்தது. அதன் நிர்வாகி, ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர், வீடு தேடி வந்து அழைத்திருந்தார்.

"இங்க சாதி கிடையாது. எஸ்டேட்டு, டவுனுன்னு பேதம் கிடையாது. வந்து பாத்துட்டு பேப்பர்ல ரெண்டு வரி எழுதுங்க சார்."

பேதம் இல்லையென்றால் அதை ஏன் பேப்பரில் போடச் சொல்ல வேண்டும்? என் புத்தி அப்படி. சந்தேகத்தோடுதான் போனேன்.

நான் போன நேரம் மாரியப்பன் என்ற மாணவனும் வந்து சேர்ந்தான். டெங்கில் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவரின் மகன். தோட்டத்துத் துரையிடம் தகப்பனார் கெஞ்சிக் கூத்தாடி காஜாங்கில் இங்கிலீஷ் படிக்க வைத்திருக்கிறார். இப்போது டெக்னிக்கல் ஸ்கூலில் இடம் கிடைத்திருக்கிறது. கோலாலம்பூரில் அவனுக்கு வேறு யாரையும் தெரியாது. தங்க இடமில்லையென்றால் படிப்பும் இல்லை.

நிர்வாகிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வாப்பா, உனக்குத் தனி ரூமே போட்டிருக்கேன்" என்று அழைத்துப் போனார்.

மற்றவர்களுக்கெல்லாம் நாலு பேருக்கு ஒரு அறை. இவனுக்கு மட்டும் தனி அறை – கொல்லைப்புறத்தில், விறகுக் கொட்டகையை ஒட்டி. உள்ளே புதுத் தட்டு, புது டம்ளர், புதுத் தண்ணீர்ப் பானை...

"இதெல்லாம் எதுக்கு?" என்றேன்.

"ஒரு வசதிக்குத்தான் சார்."

யாருடைய வசதிக்கு?

மாரியப்பன் அறையைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"சார், எங்க தோட்டத்து லயத்து வீட்டுல ஒரே ரூம்லதான் எல்லாரும் படுப்போம். தனியா படுத்துப் பழக்கமில்ல. முன்னால ஒரு ரூம்ல கட்டில் காலியா இருக்கே... அங்க படுத்துக்கிறேன்."

"அந்தப் பிள்ளைங்க என்ன சொல்லுவாங்களோ..."

"கேட்டுப் பாருங்க சார். முடியாதுன்னா பெட்டியத் தூக்கிட்டு ஊருக்கே போறேன்."

நிர்வாகி என்னைப் பார்த்தார். பக்கத்தில் பேப்பர்காரன் நிற்கும்போது எப்படி மறுப்பார்?

அந்த அறையில் மூன்று பேர். ஒருவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். இன்னொருவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். மூன்றாமவன் செல்வராசா – சிரம்பானிலிருந்து வந்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பையன். காலிக் கட்டிலில் பரப்பி வைத்திருந்த தன் புத்தகங்களை எடுத்தான்.

"இதிலை படுங்கோ."

எனக்கு இவன் மேலும் சந்தேகம். பேப்பரில் பேர் வரும் என்று பார்க்கிறானோ? வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இல்லை ஐயா. என்ட்ரன்ஸ் சோதினை லிஸ்டிலை கணக்குக்கு இவர்தான் முதல். எனக்கு ஜியோமெட்ரி ஒண்டும் விளங்கேல்லை. பக்கத்திலை இருந்தா கேட்டுப் படிக்கலாம்... அதுதான்."

நேற்று சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி போனேன். சாப்பாட்டு நேரம். சட்டையை மாட்டிக்கொண்டு போனவன் செந்தூலில் சொந்தக்காரர் வீட்டுக்கே குடிபோய்விட்டானாம். மாரியப்பன் பந்தியில், எல்லோருக்கும் பொதுவான தட்டுகளில் ஒன்றை எடுத்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சுவர்ப் பக்கம் திரும்பியவன் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தான் – ஆனால் அதே பந்தியில். செல்வராசா சோற்றைப் பிசைந்தபடியே ஏதோ முக்கோணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களா சார், நான்தான் சொன்னேனே... இங்க பேதமே இல்ல" என்றார் நிர்வாகி.

இரண்டு வரி கேட்டார், எழுதிவிட்டேன். பேதம் பார்க்க மாட்டேன் என்கிற அவரைவிட, கணக்குச் சொல்லித்தர ஆள் வேண்டும் என்கிற பையனைத்தான் நான் நம்புகிறேன்.