இஸ்திரி போட்ட நம்பர்

என் மனைவி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். பத்தொன்பது வருடமாக நின்றே வேலை. பஸ்ஸுக்குக்கூட ஓட மாட்டாள். போனால் போகட்டும், அடுத்தது வரும் என்பாள். அப்படிப்பட்டவள் நாற்பத்தெட்டு வயதில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப்போகிறேன் என்றால் எனக்குக் கோபம் வருமா, வராதா?

மாரத்தானுக்குப் பேர் கொடுத்திருந்தது எங்கள் மகன். ஒரே பிள்ளை. ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டான். ஒரு மாதம் கழித்து, ஓட்டத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது என்று அவன் போனுக்கு ஒரு செய்தி வந்தது. இவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடி முடிக்கிற ஒவ்வொருத்தர் பேரையும் மைக்ல சொல்வாங்களாம். அவன் பேரை ஒரு தடவை எல்லாரும் கேக்கட்டும்."

"இன்னொருத்தர் நம்பரைச் சட்டையில குத்திக்கிட்டு ஓடக் கூடாதுடி. தெரிஞ்சா வெளிய தள்ளிடுவாங்க."

"அவன் இன்னொருத்தனா?"

அவன் ஷூவில் இரண்டு ஜோடி சாக்ஸ் திணித்து ஓடிப் பழகினாள். கால் நகம் இரண்டு கறுத்து விழுந்தன. திட்டிக்கொண்டே வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

நான் பஸ் டிரைவர். மாரத்தான் அன்று ஓடுகிறவர்களுக்குப் பின்னால் கடைசியாக ஒரு பஸ் ஊர்ந்து போகும். அதற்குப் பின்தங்கியவர்கள் ஏறிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் ஓட்டம். எங்கள் டிப்போவில் அதற்குத் துடைப்பம் என்று பேர். அவளை வாரினாலும் என் கையால் வாரட்டும் என்று நானே கேட்டு வாங்கிய டியூட்டி.

பாதி தூரத்தில் எனக்கு இருநூறு அடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் ஜனம் கைதட்ட, இவள் இரண்டு கையையும் தூக்கிச் சிரித்தாள். ஆறு மாதமாக நான் பார்க்காத சிரிப்பு. "கழுதை, என்னமா ஓடுறா" என்று ஸ்டியரிங்கிடம் சொன்னேன்.

ஆனால் அவள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்று பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை என் போனுக்கு வரவேண்டிய செய்தி வரவே இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்து நேரம் குறிக்கிற பெண்ணிடம் நம்பரைச் சொன்னேன்.

"இது இன்னும் கிளம்பவே இல்லன்னு காட்டுது சார். நம்பர் துணிக்குப் பின்னால சிப் இருக்கும்ல, அது செத்திருக்கும். சூடு கீடு பட்டுச்சா?"

பிள்ளையின் நம்பரைக் கசங்கலோடு போடக் கூடாதென்று முந்தின நாள் மாலை அதை நீவி, திருப்பிப் போட்டு, பின்பக்கமும் அழுத்தித் தேய்த்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"அப்ப பேரு?"

"சிப் வேலை செஞ்சாத்தான் மைக்காரருக்குப் பேரு வரும் சார்."

மைக்காரரிடம் முன்கூட்டியே பேரைச் சொல்லி வைக்கலாம். சொன்னால், ஆண் பேரில் ஓடுகிற இந்தப் பெண் யார் என்று அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் நொண்ட ஆரம்பித்தாள். பஸ் அவள் முதுகுக்கு வந்துவிட்டது. எப்படியும் பேர் வரப்போவதில்லை, கதவைத் திறந்து ஏற்றிவிடலாம். ஆனால் நீ தேய்த்ததில்தான் சிப் போச்சு என்று எந்த வாயால் சொல்வது? வேகத்தைக் குறைத்தேன்.

"துடைப்பம் ஏன் தூங்குது?" என்று வயர்லெஸ்ஸில் கத்தினார்கள்.

"பிரேக் பிடிக்குது சார்" என்று புளுகினேன்.

நேரம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது கோட்டைத் தாண்டினாள். மைக்காரர், "இதோ ஒரு அம்மா வராங்க, கைதட்டுங்க" என்றார். அவ்வளவுதான். அவளுக்கு முன்னால் வந்தவரின் பேரை முழுசாகச் சொல்லியிருந்தார்.

ஸ்பீக்கருக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பஸ் படியில் உட்காரவைத்தேன்.

"சொன்னாங்களா? எனக்குக் காது அடைச்சுப்போச்சு."

"சொன்னாங்க."

"எப்படிச் சொன்னாங்க?"

அவன் போன பிறகு அந்தப் பேரை நான் வாயால் சொன்னதில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முணுமுணுத்தேன்.

"மைக்ல இப்படியா சொல்வாங்க?"

பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாள். நிமிர்ந்து நின்று தொண்டை கிழிய அவன் பேரைச் சொன்னேன். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவன் இருந்தவரை, வீட்டில் நான் அப்படிக் கத்தினால் உள்ளேயிருந்து "இதோ வரேன்ப்பா" என்று எரிச்சலோடு பதில் வரும். இரண்டு பேரும் அந்தப் பதிலுக்குக் காது கொடுத்தோம். அதற்கப்புறம்தான் அவள் அழுதாள்.