லோடு ஏற்றிப் போகும் விமானம்

விமானப்படையில் சேரப்போகிறேன் என்று ஒரு பெண் சொன்னால் ஆரணிக்காரர்களுக்கு உடனே கண்ணில் ஓடுவது ஒரே படம்தான். தலைகீழாகப் புரண்டு, புகை கக்கிக்கொண்டு பாய்கிற சண்டை விமானம். என் அண்ணன் மகள் ஹெப்சிபாவுக்கு அதில் துளிகூட ஆசை இல்லை. அவள் ஓட்ட ஆசைப்பட்டது வயிறு பெருத்த சரக்கு விமானம். ஜீப்பையும் மருந்துப் பெட்டியையும் ஆட்களையும் உள்ளே அடைத்துக்கொண்டு போய், வெள்ளம் வந்த ஊரிலோ பனிமலையிலோ இறக்கிவிட்டு வருகிற வண்டி. அது இல்லையென்றால், ஆகாயத்திலேயே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் கொடுக்கிற டேங்கர். இதை அவள் முதன்முதலில் வீட்டில் சொன்னபோது அவள் அம்மா இன்னாசியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார்.

“இன்னாடி சொல்ற? ஆகாசத்துல பெட்ரோல் பங்க்கா?”

“ஆமாம்மா. பறந்துகினே ஒரு குழாய வெளிய விடுவாங்க. பின்னாடி வர்ற பிளேன் அதுல வாய வெச்சி குடிச்சிட்டுப் போவும்.”

“கன்னுக்குட்டி மாதிரின்னு சொல்லு!”

அந்த வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. என் பெயர் ஃப்ளோரன்ஸ். இன்சூரன்ஸ் ஏஜென்ட். சேவூரிலிருந்து தேவிகாபுரம் வரை என் ஸ்கூட்டி நுழையாத தெரு கிடையாது. பேசிப் பிழைக்கிற ஜென்மம் நான், வாயை மூடிக்கொண்டு இரு என்றால் எனக்கு மூச்சு முட்டும். அப்படிப்பட்ட என்னைத்தான் இந்தப் பெண் ஒரு விஷயத்தில் வாயைக் கட்டி உட்காரவைத்துவிட்டாள்.

சரக்கு விமானத்தின் மேல் ஆசை எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. என் அண்ணன் பவுல்துரை லாரி டிரைவர். ஆரணி ரைஸ்மில்களில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். பள்ளி லீவு விட்டால் போதும், ஹெப்சிபா அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். மற்ற பிள்ளைகள் பஸ்ஸில் போனாலே வாந்தி எடுக்கும். இவள் என்னடா என்றால், “காலி வண்டி குதிக்குது அத்தை, லோடு இருந்தாத்தான் ரோட்டப் புடிச்சிகினு போவுது” என்று எனக்குப் பாடம் எடுப்பாள். சும்மா வேகமாகப் போவதில் அவளுக்கு ருசி இல்லை. எதையாவது கொண்டுபோய் யாருக்காவது சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அவள் பிளஸ் ஒன் படிக்கும்போது, போளூருக்கு லோடு கொண்டுபோன அண்ணனின் லாரி சந்தவாசல் பக்கம் ஒரு வளைவில் கவிழ்ந்தது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எங்களால் ஆனதைச் செய்கிறோம், மற்றது கடவுள் கையில் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் எல்லோரிடமும் சொல்கிற பேச்சுதான் அது. ஆனால் அண்ணி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, அவர் கண் திறக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டேன் என்று கிடந்தார். உதடு வெடித்துப்போயிற்று. நான் ஜூஸ் வாங்கிக்கொண்டுபோய்க் கெஞ்சினேன், திட்டினேன். அசைந்து கொடுக்கவில்லை. அண்ணன் கண் திறந்தார். இடது கால் போனது போனதுதான், உயிர் நின்றது.

அதுவரை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்துகொண்டிருந்த அண்ணி, அதன்பிறகு சேவூர்ப் பக்கம் ஒரு ஜெபவீட்டில் சேர்ந்தார். வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம். நெசவுக்காரர்களுக்குத் தறி நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்துத்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. பட்டு நூல் சுற்றுகிற கை ஓடிக்கொண்டே இருக்கும், வாய் ஜெபம் பண்ணிக்கொண்டே இருக்கும். அண்ணன் பிழைத்ததில் டாக்டருக்கும் கொஞ்சம் பங்கு உண்டு அண்ணி என்று ஒரே ஒருமுறை சொல்லிப்பார்த்தேன். ஒரு தவக்காலம் முழுக்க என்னோடு பேசவில்லை.

ஹெப்சிபா பிசிக்ஸ் படித்தாள். பட்டம் வாங்கியதும் ஆளாளுக்கு வழி சொன்னார்கள். பேங்க் பரீட்சை எழுது, பி.எட் படி, கல்யாணத்தை முடி. நானும் என் பங்குக்கு விசாரித்துவிட்டுப் போய்ச் சண்டை போட்டேன்.

“பதினாலு வருஷம்தான் வேலையாம். பென்ஷனும் கிடையாதாம். அப்புறம் இன்னாடி பண்ணுவ?”

“அப்புறம் ஜனங்க போற பெரிய பிளேன் ஓட்டுவேன் அத்தை. கனமான வண்டி ஓட்டினவங்களுக்கு அங்க மவுசு.”

“அப்படின்னா நேரா அதுக்கே படிக்க வேண்டியதுதான?”

“அந்தப் படிப்புக்கு நம்ம தெருவையே வித்தாலும் பத்தாது. விமானப்படைன்னா அவங்களே கத்துக் குடுப்பாங்க, சம்பளமும் தருவாங்க.”

“சரி, சரக்கு பிளேன்தான் வேணும்னு கேட்டா குடுத்துருவாங்களா?”

“கேக்கலாம். மொதல்ல எல்லாரையும் சின்ன பிளேன்ல பழக்குவாங்க. அப்புறம் சண்டை, ஹெலிகாப்டர், சரக்குன்னு பிரிப்பாங்க. எல்லாரும் சண்டைக்குத்தான் அடிச்சிக்குவாங்க. எனக்கு அந்த பேஜாரே இல்ல.”

என் வாயை அடைக்கிற மாதிரி பேசுகிறவள் ஊரில் அவள் ஒருத்திதான். உள்ளுக்குள் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நுழைவுத் தேர்வில் தேறிவிட்டாள். மைசூருக்கு நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. நாலைந்து நாள் அங்கேயே தங்க வேண்டும். பேச்சு, எழுத்து, ஓட்டம், குழு வேலை எல்லாவற்றிலும் தேறியவர்களுக்குக் கடைசியாக ஒரு மெஷினில் பரீட்சை. கையும் காலும் கண்ணும் ஒன்றாக வேலை செய்கிறதா, விமானம் ஓட்டத் தகுதி உண்டா என்று பார்ப்பது. அந்தப் பரீட்சை ஆயுசுக்கு ஒரு தடவைதான். அதில் தவறினால் அப்புறம் எத்தனை நுழைவுத் தேர்வு எழுதினாலும் பைலட் ஆக முடியாது. தரையில் வேறு வேலைக்கு வேண்டுமானால் முயற்சி பண்ணலாம்.

இதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அண்ணியின் கையில் ஓடிக்கொண்டிருந்த ராட்டை நின்றுவிட்டது.

“ஒரே தடவைன்னா சும்மா ஜெபம் பத்தாது ஹெப்சி. பட்டினி கெடந்துதான் கேக்கணும். நானும் இருக்கறேன், நீயும் இருக்கணும். அங்க இருக்கற வரைக்கும் ஒரு வேளைதான் சாப்பாடு. அந்த மெஷின் பரீட்சைக்கு மட்டும் தண்ணி கூடக் கூடாது.”

நாற்காலியில் இருந்த அண்ணன் தலையைத் தூக்கினார். “பரீட்சைக்குப் போற புள்ளைய பட்டினி போடாத. டீசல் ஊத்தாம லோடு வண்டிய அனுப்புவாங்களா?”

“நீங்க இன்னிக்கி குந்திகினு பேசறதே அந்தப் பட்டினியாலதான்” என்றார் அண்ணி.

அதற்கு மேல் அண்ணனால் என்ன பேச முடியும்? தன் உயிரையே சாட்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் மனுஷன் எப்படி வாதாடுவார். ஹெப்சிபா அம்மாவின் கையில் அடித்துச் சத்தியம் பண்ணிக்கொடுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணிக்குத் தெரியாமல் அவள் பையில் முறுக்கும் பேரீச்சம்பழமும் திணித்து, “சாமி ஒண்ணும் கோச்சிக்காது, தின்னுடி” என்றேன். சிரித்தாள்.

மைசூரிலிருந்து போன் வந்த அன்று நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அத்தனை பேரில் தேறியது ஒரு கைப்பிடி ஆட்கள், அதில் ஹெப்சிபாவும் ஒருத்தி. போனில் அவள் குரல் எகிறியது. “அம்மா, பாஸும்மா! நாளைக்கி மெஷின்தான் பாக்கி!” அண்ணன் ஒற்றைக் காலில் எழுந்து நிற்கப் பார்த்தார். நான் அவரைத் தாங்கிப் பிடித்தேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனில் சொன்னது ஒன்றுதான்: “இப்பலேர்ந்து தண்ணியத் தொடாத. நானும் தொடமாட்டேன்.”

அவள் திரும்பி வந்தபோது பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் ஸ்கூட்டியில் போனேன். பஸ்ஸைவிட்டு இறங்கியவளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கன்னம் ஒட்டி, கண்ணைச் சுற்றிக் கறுத்து, நோயாளிபோல வந்தாள். ஒன்றும் கேட்காமல் டீக்கடைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். ஒரு டீயைக் குடித்துவிட்டுத் தானாகவே பேசினாள்.

“கைல ஒரு ஸ்டிக்கு, கால்ல பெடல். ஸ்க்ரீன்ல ஒரு புள்ளி ஓடிகினே இருக்கும். அத கோட்டவிட்டு வெளிய விடாமப் புடிக்கணும். நல்லாத்தான் புடிச்சிகினு இருந்தேன் அத்தை. நடுவுல கண்ண இருட்டிகினு வந்துச்சி. ஒரு செகண்டோ ரெண்டு செகண்டோ. பாத்தா புள்ளி எங்கயோ போயிருச்சி. அப்புறம் புடிக்கவே முடியல.”

“ஏதாவது சாப்ட்டியாடி?”

“ஒரு வாய் தண்ணி கூட குடிக்கல.”

பையைத் திறந்து பார்த்தேன். நான் கட்டிக்கொடுத்த முறுக்குப் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருந்தது. வீட்டுக்குப் போய் இன்னாசியம்மாளை நாலு கேள்வி நறுக்கென்று கேட்கிறேன் என்று எழுந்தேன். ஹெப்சிபா என் கையைப் பிடித்தாள். “சாப்ட்டு வந்தவங்கள்லயும் ஃபெயிலானாங்க அத்தை. இதாலதான்னு எனக்கே தெரியல.”

வீட்டில் அண்ணி வாசற்படியிலேயே நின்றிருந்தார். அவரும் பட்டினி கிடந்து வெளுத்துப்போயிருந்தார். பெண்ணின் முகத்தைப் பார்த்தார். பாஸா ஃபெயிலா என்று கேட்கவில்லை. முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்ததே. தூணைப் பிடித்துக்கொண்டு, பயந்துகொண்டே கேட்பதுபோல ஒரே கேள்வி கேட்டார்.

“ஹெப்சி... அன்னிக்கி ஏதாவது சாப்ட்டியா?”

நான் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இல்லை என்று அவள் சொல்லப்போகிறாள், மிச்சத்தை நான் கேட்டுக்கொள்கிறேன் என்று தயாராக நின்றேன்.

“சாப்ட்டேம்மா” என்றாள் ஹெப்சிபா. “காலைல ரெண்டு இட்லி. பசி தாங்கல.”

அண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுதார். மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். ஆனால் அந்த அழுகையில் ஒரு நிம்மதி இருந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். “ரெண்டு இட்லிக்கா? ரெண்டு இட்லிக்கு இப்படிப் பண்ணிட்டியேடி பாவி!” என்று மகளின் தோளில் குத்தினார். ஹெப்சிபா குத்து வாங்கிக்கொண்டு நின்றாள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அன்று மாலையே அவளைக் கோட்டை மைதானத்துப் பக்கம் கூட்டிப்போய்க் கண்டபடி திட்டினேன். “பைத்தியமாடி நீ? இல்லாத பழிய எதுக்குடி தூக்கித் தலைல வெச்சிக்கற? கெடுத்தது அவங்க, பேரு உனக்கா?”

“பட்டினி கெடந்துதான் அப்பாவக் காப்பாத்தினேன்னு அம்மா நம்பிகினு இருக்குது அத்தை. அது ஒண்ணுதான் அதுங்கிட்ட இருக்குது. நானும் சுத்தமா பட்டினி கெடந்தேன், அப்பவும் ஒண்ணும் நடக்கலன்னு சொன்னா அது தாங்குமா? அதுவும் தன்னாலதான் நான் கெட்டேன்னு தெரிஞ்சா?”

“அப்ப நீ தாங்குவியா?”

யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நானும் ஒரு மடச்சி, கொடுத்துத் தொலைத்தேன்.

தரை வேலைக்காவது முயற்சி பண்ணு, யூனிஃபார்மாவது கிடைக்கும் என்று சொல்லிப்பார்த்தேன். “மத்தவங்க ஏறிப் போறத கீழ நின்னு பாக்கச் சொல்றீங்களா அத்தை?” என்றாள். அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இப்போது பஜார் பக்கம் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. பட்டுச்சேலை பார்சலும் அரிசி மூட்டையும் எந்த வண்டியில் எங்கே போக வேண்டும் என்று பிரித்து அனுப்புகிறாள். வேலையில் கெட்டிக்காரி என்று முதலாளி சொல்கிறார். கெட்டிக்காரிதான், அதில் என்ன சந்தேகம். எப்போதாவது ஊருக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால் ஆபீஸில் எல்லோரும் வெளியே வந்து பார்ப்பார்களாம். அவள் சீட்டைவிட்டு எழுவதில்லையாம்.

ஜெபவீடு முழுக்க இந்தக் கதை பரவிவிட்டது. அண்ணியே சாட்சி சொல்கிறேன் என்று எழுந்து நின்று சொல்லிவிட்டார். என் மகள் ரெண்டு இட்லிக்கு ஆசைப்பட்டு ஆண்டவர் திறந்த வாசலை மூடிக்கொண்டாள், நீங்களும் அப்படி இருக்காதீர்கள் என்று. புருஷனைப் பட்டினியால் மீட்டவர் பேச்சல்லவா, கூட்டம் கண் கலங்கக் கேட்டது. உபவாசத்துக்கு வருகிற பெண்கள் முன்னைவிட அதிகமாகிவிட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜெபம் அண்ணன் வீட்டிலேயே நடந்தது. ஒரு பாலிசி கையெழுத்துக்காகப் போன நான் மாட்டிக்கொண்டேன். கூடம் நிறையப் பெண்கள், எல்லோரும் வெறும் வயிறு. ஹெப்சிபா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அண்ணி உள்ளே போய், தட்டில் இட்லி வைத்து எடுத்துக்கொண்டுவந்து, அத்தனை பேர் நடுவிலும் அவளிடம் நீட்டினார்.

“நீ சாப்டும்மா. உனக்குத்தான் பசி தாங்காதே.”

குத்திக்காட்டவில்லை. அப்படிக் குத்தியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். மன்னித்துவிட்ட குரல் அது, பெற்றவளின் பிரியம் அத்தனையும் அதில் இருந்தது. சத்தியமாவது ஒன்றாவது என்று வாயைத் திறந்தேவிட்டேன். ஹெப்சிபா என்னை ஒரு பார்வை பார்த்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

அவள் தட்டை வாங்கிக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். கூடத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு வாயாகப் பிட்டுச் சாப்பிட்டாள். அண்ணி முழங்காலில் நின்று கண்ணை மூடி, “ஆண்டவரே, என் மகளோட பலவீனத்த மன்னியும்” என்று உருகி ஜெபித்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். வாயில் இட்லியோடு ஹெப்சிபாவும் சொன்னாள்.