இருபத்து மூன்றாவது விநாடி

சொட்டு அக்கா என்றுதான் ஆய்வகத்தில் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். சூரிய மின்கலம் செய்து பார்க்கும் இடம் எங்களுடையது. சின்னக் கண்ணாடித் தட்டு ஒன்று சுழலும், அதன்மேல் மஞ்சள் கரைசல் பரவும். சரியாக இருபத்து மூன்றாவது விநாடியில் இன்னொரு திரவத்தை நட்டநடுவில் விட வேண்டும். அரை விநாடி பிந்தினாலோ ஓரத்தில் விழுந்தாலோ படலம் சீராக உறையாது. பதினேழு வருடமாக அந்தச் சொட்டு அக்காவுடையது. பாட்டில் கழுவ வந்தவர், பத்தாவது வரைதான் படிப்பு. கணவர் பஸ் ஓட்டுகிறார், இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாயிற்று. "பட்டமெல்லாம் நீங்க வச்சுக்கோங்க, சொட்டு என்னுது" என்பார். தன் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

என் வேலை அளப்பது. மூக்கு நுனியில் கோபம் என்று எனக்குப் பெயர். அக்காவிடம் மட்டும் அது செல்லாது.

ஒரு தட்டில் ஆறு கலங்கள் இருக்கும். வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரான்கள் கிளம்பி ஓடும். படலம் சீராக இருந்தால் அவற்றுக்கு வழியெல்லாம் ஒரே மட்டம். சீராக இல்லையென்றால் ஆற்றல் மட்டம் குண்டும் குழியுமாகிவிடும். குழியில் விழுந்த எலக்ட்ரான் கையிலிருந்த ஆற்றலை அங்கேயே தொலைத்துவிட்டு நிற்கும், வோல்டேஜ் இறங்கிவிடும். கண்ணுக்குத் தட்டு பளபளவென்று இருக்கும், எண்தான் காட்டிக்கொடுக்கும்.

இந்தக் குழிகளைக் குறைக்க ஓர் உப்பைச் சேர்த்துப் பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி மாணவியின் நான்கு வருட உழைப்பு. உப்பு வேலை செய்தால் அவளுக்கு டாக்டர் பட்டம். இல்லையென்றால் வருடக் கடைசியில் உதவித்தொகையும் நிற்கும், படிப்பும் நிற்கும். அவள் தட்டுகள் அத்தனைக்கும் சொட்டு விட்டது அக்கா.

முதல் இருபது தட்டுகளில் ஆறு கலங்களும் ஒன்றுபோல ஏறி நின்றன. மாணவி துள்ளிக் குதித்தாள். பிறகு ஆறில் ஒன்று இறங்கியது. அடுத்த வாரம் இரண்டு, அதற்கடுத்த வாரம் மூன்று. கருவியைத் திட்டினேன், விளக்கை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. நன்றாக உறைந்த படலம் சிவப்புக்கு அப்பாலுள்ள வெளிச்சத்தை விழுங்காது. இவை கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டே போயின. குழிகள் பெருகிவிட்டன என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் உப்பு அதே உப்பு, பாட்டில்கூட அதேதான்.

அப்புறம்தான் ஒரு நாள் தேநீர் நேரத்தில் கவனித்தேன். அக்கா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கோட்டுப் பொத்தானைப் போடுவதற்குள் தேநீர் ஆறிவிட்டது. வேலை செய்வது மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள், அதோடு பொருத்திய தடித்த ரப்பர் கையுறையில். அதற்குள் விரல் நடுங்கினால் யாருக்குத் தெரியும்?

கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. அந்த நாற்காலி போனால் அக்கா என்ன ஆவார்? அதனால் ஒரு காரியம் செய்தேன். அதுவரை பதிவேட்டில் தட்டுக்கு ஆறு எண் எழுதுவேன். அன்று முதல் ஆறில் சிறந்ததை மட்டும் எழுதினேன். "எல்லாத்தையும் எழுதி யாரு படிக்கிறா?" என்று மாணவியிடம் சலித்துக்கொண்டேன். நல்ல கலத்தை மட்டும் காட்டிப் பீற்றிக்கொள்வது எங்கள் தொழிலில் நடக்கிறதுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆறில் ஏதோ ஒன்று எப்படியும் நன்றாக அமைந்துவிடும். பதிவேட்டில் எண் இறங்கவே இல்லை.

நான்கு மாதம் கழித்துப் பன்னிரண்டு தட்டுகள் வெளியிலுள்ள ஒரு சோதனை நிலையத்துக்குப் போயின. அங்கே எல்லாக் கலங்களையும் அளந்தார்கள். இந்த உப்பு படலத்தின் ஒழுங்கின்மையைக் கூட்டுகிறது, தொடர வேண்டாம் என்று அவள் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் குழு முடிவெழுதிவிட்டது. மறுநாள் காலை மாணவி தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

கருவியின் கணினியில் தட்டுக்கு ஆறாகப் பதிந்திருந்த எல்லா எண்களையும் தாளில் எடுத்துக்கொண்டு நேரே அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, உப்பு மேல தப்பில்லக்கா."

தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். தாள் படபடத்தது.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"நாலு மாசமா."

"எனக்கு ஆறு மாசமா தெரியும்டா." குரல் ஏறவில்லை. "டாக்டர் சொல்லிட்டாரு, கை இனிமே இப்படித்தான்னு. நான் ஒண்ணு முடிவு பண்ணி வச்சிருந்தேன். என்னைக்கு உன் எண்ணு இறங்குதோ, அன்னைக்கு நானே எழுந்திரிச்சுப் போயிடறதுன்னு. தினமும் வந்ததும் முதல்ல உன் பதிவேட்டத்தான் பார்ப்பேன். மொதல்ல கொஞ்சம் இறங்கினப்ப நீ கருவியத் திட்டிட்டிருந்தே, அதுதான் கோளாறுன்னு நெனச்சேன். அப்புறம் இறங்கவே இல்ல. கை நடுங்கினாலும் சொட்டு நடுங்கலன்னு பெருமை வேற பட்டுக்கிட்டேன். அடப்பாவி, நீ இறங்க விடலயே!"

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"வா, அந்தப் பொண்ணுகிட்டப் போவோம்" என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். நான்கு மாதமாக எண்ணாகவே பார்த்த நடுக்கம் சட்டைக்கு மேலே தெரிந்தது.

அக்கா எதையும் மறைக்காமல் சொன்னார். மாணவி புத்தகக் கட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. முதல் இருபது தட்டுகளின் தாளை நீட்டினேன். நான்கு மாதம் தொலைந்தது தொலைந்ததுதான். இதை வைத்துக் குழு மறுபடி யோசிக்குமா என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. அவள் தாளை வாங்கி, ஆறு ஆறாகப் படித்து முடித்து, பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அளக்கத்தானே சார் உங்ககிட்டக் கொடுத்தோம்?"