மிஸ் குப்பனின் கையெழுத்து

கனடாவின் இலவசக் கப்பல் சரக்குத் திட்டத்தின் நான்காம் விதி தெளிவானது: நன்கொடை மருத்துவக் கருவிகளைப் பெற்றுக்கொள்வதாகத் தொண்டு நிறுவனத்தின் பொறுப்பாளர் ஒருவர் கையெழுத்திட்டால் போதும், கப்பல் கட்டணம் தள்ளுபடி. ஒருவர். சென்னைத் துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் சரக்கு ஆவணங்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். அந்த ஒருமையை நம்பினேன்.

நம்பியிருக்கக் கூடாது. மகளோடு வான்கூவருக்கு வந்த நாள்முதல் மருந்துக்கடையில் என்னை ‘மிஸ்டர் முனுசாமி’ என்றே கூப்பிடுகிறார்கள். முனுசாமி என் அப்பா. ஒடுகத்தூரைத் தாண்டி அதிகம் போகாதவர். இறந்து இருபது ஆண்டுகள் கழித்துக் கனடாவில் ரத்த அழுத்த மாத்திரை வாங்குகிறார். நானும் எழுந்துபோய் அவர் சார்பில் வாங்கிக்கொள்கிறேன்.

இங்கே ஒரு மருத்துவமனை நல்ல நிலையிலிருந்த ஆறு ஆக்சிஜன் செறிவூட்டிகளை வேண்டாமென்று ஒதுக்கியது. ஜமுனாமரத்தூரில் செவிலியர் கு. செல்வி நடத்தும் சிறிய தொண்டு மருத்துவமனையில் அப்படி ஒன்றுகூட இல்லை. மூச்சுத்திணறலோடு வருகிறவர்களை மலைப்பாதை வழியே வாணியம்பாடிக்கு அனுப்பவேண்டும். எல்லோரும் போய்ச் சேர்வதில்லை. ஆறையும் அங்கே அனுப்பிவைக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

ஆங்கில விண்ணப்பத்தில் அவள் ‘கே. செல்வி’ என்று எழுதியிருந்தாள். தமிழ் ஒப்புதல் கடிதத்திலாவது இனிஷியலை விரித்து எழுதும்மா, இங்கே புள்ளிவைத்த எழுத்துக்கு மரியாதை இல்லை என்று சொன்னவன் நான்தான். ‘செல்வி குப்பன்’ என்று கையெழுத்திட்டு அனுப்பினாள். திட்டத்தின் மொழிபெயர்ப்பாளர் நம்மவர். அரசாணைத் தமிழில் தேறியவர் போலும். ‘மிஸ் குப்பன்’ என்று பெயர்த்துவிட்டார்.

பத்து நாளில் மின்னஞ்சல் வந்தது. விண்ணப்பித்தவர் மிஸ் செல்வி. கையெழுத்திட்டவர் மிஸ் குப்பன். இருவரில் பொறுப்பாளர் யார் என்று மாத இறுதிக்குள் தெரிவிக்காவிட்டால் கப்பலில் ஒதுக்கிய இடம் வேறொருவருக்குப் போகும். அதிகாரி அம்மையாரைத் தொலைபேசியில் பிடித்து, குப்பன் அவளுடைய அப்பா என்று விளக்கினேன். பரிவோடு கேட்டுக்கொண்டவர், அப்படியானால் அப்பாவின் பதவி என்ன என்று விசாரித்தார்.

செல்வியிடம் சொன்னபோது முதலில் சிரித்தாள். “மிஸ் குப்பனா? எங்கப்பாவுக்கு இம்மாம் பெரிய மீசைங்க சார். புளி உலுக்கப் போயிருக்காரு, வந்தா கேக்கறேன்.” பிறகு அவள் குரல் இறங்கியது. “நேத்துகூட ஒருத்தர ஆலங்காயம் தாண்டறதுக்குள்ள இன்னா ஆவுமோன்னு பயந்துகினே கூட்டிம்போனோம். மெஷின் வருமா சார், வராதா?”

நம் நாட்டில் இதற்கென்றே ஒரு காகிதம் உண்டு: இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று வட்டாட்சியர் தரும் ‘ஒரே நபர் சான்று’. பணிக்காலம் முழுவதும் நான் கேலி செய்த காகிதம். வாங்கச் சொன்னேன். குப்பனும் மகளோடு தாலுகா ஆபீசுக்குப் போனாராம். “சாமானுக்கு முந்தி எம்பேரு கப்பலேறிடுச்சா?” என்று அங்கே எல்லோரிடமும் கேட்டாராம்.

சான்றை அனுப்பிவிட்டு, தினமும் மின்னஞ்சலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். கடைசியில் இரண்டு வரி வந்தது: ‘அன்புள்ள மிஸ் குப்பன், விண்ணப்பம் ஏற்கப்பட்டது. கட்டணம் முழுவதும் தள்ளுபடி.’ செல்வியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். “மிஸ் குப்பனாவே இருந்துட்றேன் சார். மெஷின் வந்தா போதும்.”

என் ஜன்னலில் மாலை ஐந்து மணி வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு மலையில் மறுநாள் விடிந்துகொண்டிருந்தது. பதில் வந்த தேதியைக் கோப்பில் குறிக்கவேண்டும். எந்த ஊர்த் தேதி? இரண்டையும் எழுதினேன்: பிப்ரவரி 26, பிப்ரவரி 27.