அளக்காத ஆறு

சூசைதாசன் மன்னாரில் நில அளவைக் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் படவரைஞராக இருந்தவர். அளந்து வராத ஒரு கோட்டையும் அவருடைய பேனை கீறியதில்லை. அந்த நேர்மையே அவர் தலையில் கல்லைப் போட்டது.

2010இல் அகதியாகப் படகில் வந்தபோது அடையாள அட்டை கடலோடு போயிருந்தது. தடுப்பு முகாமில் விசாரணை அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, ஊரை வரைந்து காட்டச் சொன்னார். சூசைதாசனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கந்தோரில் பிரதி எடுத்து எடுத்து மனப்பாடமான பழைய படத்தை, தேவாலயத்துக்கு வடக்கே ஆறு ஓட, அப்படியே கீறிக் கொடுத்தார். அந்த ஆறு ஒரு பெருவெள்ளத்தில் திசைமாறி, தெற்கே அவருடைய வீட்டுக்குப் பின்னால் ஓடத் தொடங்கிப் பதினைந்து வருடமாகியிருந்தது. போருக்குள் யாரும் அதை அளக்கவில்லை. அதனால் அவரும் கீறவில்லை.

அதிகாரி வானிலிருந்து எடுத்த செய்மதிப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, இவர் அந்த ஊரவரே அல்ல என்று எழுதிவிட்டார்.

ஊரிலிருந்து மனைவி டொறத்தி தொலைபேசியில் கேட்டாள். “நாள்தோறும் அந்த ஆத்தில குளிச்ச மனிசன் நீங்கள். உங்களுக்குக் கண் இல்லையோ?”

மறுவிசாரணை வரும்வரை தற்காலிக விசாவில் முகாமிலிருந்து வெளியே வந்து, வென்ட்வேர்த்வில் என்ற புறநகரில் ஓர் அறை எடுத்தார். பக்கத்தில் பரமட்டாவில் பழைய நில வரைபடங்களை ஸ்கான் செய்யும் வேலை கிடைத்தது. எல்லாம் தொலைவில், மேற்குப் புல்வெளிகளில் வளைந்தோடும் ஓர் ஆற்றின் தாள்கள். 1915ஆம் ஆண்டுத் தாளில் ஆட்டுக் கம்பளி கத்தரிக்கும் கொட்டகைக்கு மேற்கே ஓடிய ஆறு, 1970இல் கிழக்கே ஓடியது. அன்று இயந்திரத்தின் முன் நின்றபடியே அழுதார்.

இரண்டின் பிரதிகளையும் மறுவிசாரணைக்குக் கொண்டுபோனார். அதுதான் கடைசி வாய்ப்பு. வென்றால் டொறத்தியையும் இங்கே கூப்பிடலாம். தோற்றால் திருப்பி அனுப்புவார்கள்.

விசாரித்த பெண்மணி பொறுமையாகப் பார்த்தார். ஆறு இடம் மாறும் என்பதை ஒப்புக்கொண்டார். பிறகு சொன்னதை மொழிபெயர்ப்பாளர் மெதுவாகச் சொன்னார். “பழைய படத்தை யாரும் மனப்பாடம் செய்யலாம். அங்கே வாழ்ந்தவர் தன் கண்ணால் கண்ட ஆற்றை அல்லவா வரைவார்?”

மூன்று வாரத்தில் நிராகரிப்புக் கடிதம் வந்தது.

அன்று அவர் டொறத்தியைத் தொலைபேசியில் கூப்பிட்டார். கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. “குசினி வாசலில இருந்து ஆறு எத்தினை எட்டு? நடந்து பாத்துச் சொல்லும்.”

அவள் முணுமுணுத்தபடி அடிகளை எண்ணிக்கொண்டு நடந்தாள். “நாப்பத்தாறு. இனித் தண்ணி.”

சூசைதாசன் தாளை எடுத்து, வீட்டுக்குப் பின்னால் ஆற்றைக் கீறினார். அதைக் கேட்டு வாங்க இனி எந்த அதிகாரியும் இல்லை.