இரண்டு ஈரத்துணிகள்

கல்முனை கார் ஸ்டாண்டில் முகைதீன்பாவா சாச்சா தேநீர் குடிக்கும் நேரமெல்லாம் அவருடைய கார் வெளியே ஓடிக்கொண்டே நிற்கும். ஆளில்லாமல் உறுமும் அந்தப் பழைய சீமைக் காரைக் காட்டி மற்ற ஓட்டுநர்கள் அண்ணன் முறை சொல்லி, "காக்கா, புள்ள அழுகுது, தூக்கிட்டுப் போங்க" என்பார்கள். சாச்சா சிரிக்க மாட்டார். சூட்டோடு நிறுத்தினால் அது திரும்பப் பிடிக்குமா என்பது அவருக்கே தெரியாது. பத்துத் தடவை பிடிக்கும். பதினோராவது தடவை சாவியைத் திருகத் திருக வெறுமனே சுற்றும். ஆறிய பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஓடும்.

சாச்சா என் வாப்பாவின் தம்பி; என்னை மகள் என்றுதான் கூப்பிடுவார். லொறிக் கிளீனராகத் தொடங்கி, சாரதியாகி, கடைசியில் ஆசியா உம்மா சாச்சிக்குச் சீதனமாக வந்த வயலை விற்று இந்தக் காரை வாங்கினார். "நெல்லு வெளஞ்ச காணிய வித்துப்போட்டு, நிண்டு போற சாமான வாங்கின மனிசன்" என்று சாச்சி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எண்பத்தாறில் நான் பல நாடுகளில் அலைந்துவிட்டு ஊர் திரும்பியபோதும் அதைத்தான் முதலில் சொன்னார்.

ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, சாச்சாவைப் பிடிப்பவர்கள் பெரும்பாலும் நோயாளிகள். ராத்திரி, பகல் என்று பாராமல் வருவார் என்பதால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் கார் நிற்கும்போதெல்லாம் பின்சீட்டில் யாராவது முனகிக்கொண்டிருப்பார்கள். டிக்கியில் வைத்திருக்கும் கேன் தண்ணீரில் இரண்டு துணிகளை நனைத்து, பெற்றோல் பம்பிலும் பிளக்குக்கு நெருப்புக் கொடுக்கும் கொயிலிலும் ஒன்றாகப் போட்டு ஆறவைத்துக் கிளப்புவார்.

பாண்டிருப்பில் கராஜ் வைத்திருந்த நல்லரெத்தினத்திடம் சாச்சா காரைக் கொண்டுபோகாத மாதமில்லை. அங்கே போனதும் கார் முதல் திருகிலேயே பிடிக்கும்.

"எனக்கிட்ட வரக்குள்ள இது நல்ல புள்ளையாத்தான் வருது காக்கா. நான் என்னத்தப் பாக்கிற?" என்றார் நல்லரெத்தினம். "ரெண்டில ஒண்டுதான். சூட்டில பம்புக்குள்ள பெற்றோல் ஆவியாகுது. இல்லாட்டி, கொயில் சூடாகி நெருப்புக் குடுக்காம விடுது. அடுத்த முறை நிண்டா பம்புக்கு மட்டும் ஈரத்துணி போடுங்க. பிடிச்சா பம்பு. பிடிக்காட்டிக் கொயில். நீங்க ரெண்டுக்கும் ஒண்டாப் போட்டா ஒருநாளும் தெரிய வராது."

"பின்னுக்குப் புள்ளத்தாச்சி கிடந்து கத்தக்குள்ள ஒண்டொண்டாப் போட்டுப் பாக்கச் சொல்லுறியா தம்பி?"

நல்லரெத்தினம் பொனெட்டை மூடினார். உதிரிச் சாமான் வரத்து நின்றுபோயிருந்த காலம். இரண்டையும் புதிதாக வாங்கி மாற்றிவிடலாம் என்று சொல்ல அவராலும் முடியாது.

ஒருநாள் உச்சி வெயிலில், யாரையும் ஏற்றாமல், காரை நிற்க வைத்து, பம்புக்கு மட்டும் துணி போட்டுப் பார்ப்பதற்காகவே சாச்சா சாகாமம் குளம் வரை ஓட்டிப் போனார். குளக்கட்டில் நிறுத்தினார். பிடித்தது. வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பிடித்தது. வெறுங்காராக வந்து இறங்கியவரைப் பார்த்து, "குளத்துக்குக் காத்து வாங்கப் போனீங்களாக்கும்" என்றார் சாச்சி.

சாச்சிக்கு முட்டு வருத்தம், மூச்சிழுப்பு. அந்த ஆனி மாதம் ஒரு நாள் மத்தியானம் அது முற்றி, மூச்செடுக்க முடியாமல் போனது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பின்சீட்டில் சாச்சியை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். சாச்சா வேகமாகத்தான் ஓட்டினார்.

பாதி வழியில் காவலரண். சிப்பாய் கையால் சாவியைத் திருகுவதுபோல் காட்டினான். எஞ்சினை நிறுத்த வேண்டும். சாச்சா பின்னால் திரும்பி சாச்சியைப் பார்த்தார். பிறகு நிறுத்தினார்.

டிக்கியில் இருந்த தண்ணீர்க் கேனை மோந்து பார்த்த சிப்பாய், பெற்றோல் இல்லையென்று தெளிவதற்காக அதை மணலில் கவிழ்த்தான். பிறகு போகச் சொன்னான். கார் சுற்றியது, பிடிக்கவில்லை.

கேனின் வாயில் சுற்றியிருந்த ஒரு துணி மட்டும் ஈரமாக இருந்தது. தண்ணீர் கேட்க அரண் பக்கம் போன சாச்சாவை, காரை விட்டு அசைய வேண்டாம் என்று துவக்கு முனையால் காட்டித் திருப்பினார்கள். பொனெட்டைத் திறந்தவர் ஒற்றைத் துணியோடு நின்றார். பம்பைப் பார்த்தார், கொயிலைப் பார்த்தார். பின்னால் சாச்சியின் நெஞ்சு விசில்போல் இழுத்துக்கொண்டிருந்தது.

பம்பில் போட்டார். பிடிக்கவில்லை.

திரும்பவும் திருகினார். பிடிக்கவில்லை. துணி அதற்குள் காய்ந்துவிட்டது.

மட்டக்களப்புக்குப் போகும் நெல் லொறியொன்றை அந்தச் சிப்பாயே மறித்து, சாச்சியைத் தூக்கி முன்சீட்டில் வைக்க உதவினான். நானும் ஏறினேன். சாச்சா ஏறக் கால் வைத்தபோது அவன் காரைக் காட்டித் தலையாட்டினான். ஆளில்லாத காரை அங்கே விட முடியாது. லொறி நகர்ந்தபோது சாச்சா துணியைக் கையில் வைத்துக்கொண்டு வீதியில் நின்றார்.

மிச்சத்தை அவர் பிறகு சொன்னார். மணலில் குந்திவிட்ட அவரிடம் சிப்பாய் தன் தண்ணீர்ப் போத்தலைக் குடிக்கக் கொடுத்திருக்கிறான். சாச்சா அதை அப்படியே கொயிலில் ஊற்றினாராம். ஒரே திருகில் பிடித்ததாம்.

ஆஸ்பத்திரியில் அவர் வந்து சேர்ந்தபோது சாச்சிக்கு ஒட்சிசன் கொடுத்து, இழுப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. கண்ணைத் திறந்து, "காரு வந்திச்சா?" என்றார்.

"கொயில்தான்" என்றார் சாச்சா. "கொயில்தான் புள்ள."

"கண்டுபுடிச்சிட்டீங்க. இனி ரெண்டு பேரும் சந்தோசமா இரிங்க."

சாச்சி வீடு திரும்புவதற்குள் நல்லரெத்தினம் எங்கோ அலைந்து கொயிலொன்று தேடிப் பிடித்துப் போட்டுக் கொடுத்தார். "இனி ஐமிச்சப்படாதீங்க காக்கா, நிக்காது" என்றும் சொன்னார். ஆனாலும் சாச்சியைக் கூட்டிவர சாச்சா ஸ்டாண்டிலிருந்து ஹமீட்டின் காரைத்தான் பிடித்தார். "எனக்கு உங்கட காரில வரத் தெரியாதா?" என்று சாச்சி கேட்டும் விடவில்லை. ஹமீட்டின் கார் முன்னால் போக, வெறுங்காரில் சாச்சாவும் நானும் பின்னால் வந்தோம்.

அதே காவலரணில் இரண்டையும் நிறுத்தச் சொன்னார்கள். பார்த்தார்கள், போகச் சொன்னார்கள். சாச்சா சாவியைத் திருகினார். உடனே பிடித்தது.

முன்காரிலிருந்து சாச்சி தலையை நீட்டி, "பிடிச்சிட்டுதானே! வந்து அதில ஏறவா?" என்று கத்தினார்.

சாச்சா வெளியே கையை நீட்டி, ஹமீட்டை முன்னால் போகச் சொல்லி வீசினார்.

"பத்துத் தடவையும் இப்பிடித்தான் பிடிச்சது, மகள்" என்றார் என்னிடம்.