பூபாலன் சுத்தம் செய்த கடற்கரை

பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி நடத்தும் பூபாலனுக்கு ஆடிட் என்றால் அல்வா சாப்பிடுவது மாதிரி. துணி வாங்கும் வெளிநாட்டு பையர் கம்பெனியைச் சோதிக்க நாளைக்கு வருகிறார் என்றால் இன்றைக்கே கம்பெனி கல்யாண வீடாகிவிடும். தரையில் மஞ்சள் கோடு புதிதாக மின்னும். தீயணைப்பு சிலிண்டர் குளித்துவிட்டு நிற்கும். தையல் மெஷினில் இருப்பவர்கள் மாஸ்க்குக்குள் சிரிப்பார்கள். வந்தவர் இளநீர் குடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இதுவரை ஒரு ஆடிட்டிலும் தோற்றதில்லை என்று என்னிடமே நூறு தடவை சொல்லியிருக்கிறார். எதிர் வீட்டுக்காரனுக்கு வேறு வழி கிடையாது, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இப்பேர்ப்பட்ட மனிதர் சம்பந்தி குடும்பத்தோடு கிழக்குக் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டுக்குப் போனார். வேட்டியோடு நீச்சல் குளத்தில் இறங்கியவரை அங்கிருந்த காவலாளி விசிலடித்து மேலே ஏற்றிவிட்டான். சம்பந்தி சிரித்துவிட்டார். மனிதர் வெந்து போனார். சொந்தமாக ஒரு ரிசார்ட் கட்டி, அதில் சம்பந்தியை வேட்டியோடு குளிக்க வைக்காமல் விடமாட்டேன் என்று சபதம் போட்டு, அதே கரையில் நிலமும் வாங்கிவிட்டார்.

நிலம் வாங்குவது சுலபம். கட்டத்தான் கடலோர ஒழுங்குமுறை அனுமதி வேண்டும். அலை ஏறும் கோடு எதுவரை, கழிவுநீர் எங்கே போகும், மீனவர் நடக்கும் பாதை அடைபடுமா என்று ஆயிரம் கேள்வி. சும்மா சொல்லக் கூடாது, பூபாலன் எதிலும் குறை வைக்கவில்லை. கட்டடத்தைக்கூடக் கரையிலிருந்து நன்றாகத் தள்ளித்தான் போட்டிருந்தார். அதிகாரிகள் இடத்தை நேரில் பார்ப்பதுதான் பாக்கி.

நேரில் பார்க்க வருகிறார்கள் என்று காதில் விழுந்ததுதான் தாமதம், மனிதருக்குப் பழைய புத்தி வந்துவிட்டது. மேனேஜர் ராஜபாண்டியைக் கூப்பிட்டார்.

"வர்றவங்க மூஞ்சி சுளிக்கக் கூடாதுங்க தம்பி. எடம் பளிச்சுன்னு இருக்கோணும்."

ராஜபாண்டி சொன்னதைச் செய்பவர். கரையோரம் ஆளுயரத்துக்கு மணல்மேடுகள், மேலெல்லாம் கொடி படர்ந்து கிடந்தன. ஒரு ஜேசிபியை வைத்துக் கொடியை அள்ளி, மேட்டை வழித்து, கேரம் போர்டு மாதிரி ஆக்கிவிட்டார். வரிசையாகக் குரோட்டன்ஸ் தொட்டி வேறு. வெறும் மணலில் மஞ்சள் கோடுகூட இழுத்திருந்தார். பெருமையைப் பார்ப்பதற்கென்றே பூபாலன் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒரு அம்மா. கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். நீட்டிய இளநீரை வாங்கவில்லை. இங்கிருந்த மணல்மேடு எங்கே என்று கேட்டார்.

"க்ளீன் பண்ணியாச்சுங்க மேடம்," என்றார் பூபாலன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. புயலில் கடல் ஊருக்குள் வராமல் தடுப்பது அந்த மேடு, மேட்டைப் பிடித்து வைத்திருந்தது அந்தக் கொடி, இரண்டையும் தொடவே கூடாது என்பதுதான் சட்டம் என்று நிதானமாகச் சொன்னார். அபராதம் உண்டு. மேடு பழையபடி வந்த பிறகுதான் மனுவை மறுபடி பரிசீலிப்பார்களாம். ஒன்றும் செய்யாமல் சும்மா விட்டிருந்தால் அனுமதி கிடைத்திருக்குமா என்று நான் மெல்லக் கேட்டேன். அநேகமாகக் கிடைத்திருக்கும் என்றார்.

பூபாலன் அசரவில்லை. "நாளைக்கு ரீ-ஆடிட் வெச்சுக்கலாங்களா? நைட் ஷிப்ட் போட்டு லாரியில மண்ணடிச்சுப் போடறனுங்க."

"லாரி மண் ஆகாது சார். காத்துதான் கொண்டாந்து சேர்க்கணும். ஓலைத் தட்டி கட்டி, கொடி நட்டுட்டுக் காத்திருங்க."

தட்டி கட்டினார், கொடி நட்டார், காத்திருந்தார். ஆடி பிறந்தது. தெருவில் எல்லோரும் கண்ணில் விழுந்த மண்ணைக் கசக்கிக்கொண்டு காற்றைத் திட்ட, பூபாலன் ஒருவர் மட்டும் வாசலில் நின்று ரசித்தார். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், மணல் எம்மாத்திரம்? கடற்கரை நிலத்தில் காவலுக்கு வைத்திருந்த முனீஸுக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"காத்து அடிக்குதுங்களா முனீஸு?"

"பேய்க்காத்து மொதலாளி."

"மேடு ஏறுதுங்களா?"

"எங்குட்டு ஏற? காத்து கரையில இருந்து கடலப் பாத்துல்ல அடிக்குது. இருக்குற மண்ணும் போகுது. ஐப்பசிக்கு மேல வாடைக்காத்து கடல்ல இருந்து திரும்புனாத்தான் மேடு ஏறும் மொதலாளி."

பூபாலன் போனை வைத்தார். அவ்வளவு வாடிய முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை, பாவமாக இருந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, இந்தக் காத்துக்கு மேனேஜர் யாருங்க?"